பழைய ஓட்டோ கியர் கார்களுக்கு எந்த ஏடிஎஃப் (ஓட்டோ கியர் பெட்டி ஒயில்) ஊற்றுவது?

#1 வடமராட்சியான் (பருத்தித்துறை)

எல்லோருக்கும் வணக்கம். 1996ஆம் ஆண்டு கொரோலா 110 ஒன்று வாங்கியிருக்கிறேன். 5ஏ எஞ்சின், 4 ஸ்பீட் ஓட்டோ. முன்பு வைத்திருந்தவர் எஞ்சின் ஒயில் மாற்றிய பில்லெல்லாம் பத்திரமாக ஃபைலில் போட்டுத் தந்தார். கியர் ஒயில் மாற்றியதற்கு மட்டும் ஒரு துண்டும் இல்லை.

டிப்ஸ்டிக்கை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். கடும் மண்ணிறம். எரிந்த மணம் இல்லை, விரலில் தேய்த்தால் நறநறப்பும் இல்லை. காலையில் ஆர் போட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பின்னால் எடுக்கிறது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறவும் பிந்துகிறது. எஞ்சின் கத்தத் தொடங்கின பிறகு ஒரு உதையோடு மாறுகிறது.

கராஜில், “ஏடிஎஃப் எல்லாம் ஒன்றுதான், சிவப்பாக இருந்தால் சரி” என்று மூலையில் இருந்த பீப்பாயைக் காட்டினார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. ஸ்பெயார்ஸ் கடைக்குப் போனேன். அங்கே மூன்று வகை: டெக்ஸ்ரான் 3, எல்லா வாகனத்துக்கும் என்று எழுதிய ஒன்று, ரொயோட்டா டபிள்யூஎஸ். கடைக்காரர் டபிள்யூஎஸ்தான் புதிது, விலையும் கூட, ஆகவே அதுதான் நல்லது என்கிறார். என் டிப்ஸ்டிக்கில் பொறித்திருப்பது ‘ஏடிஎஃப் டி-2’. அந்தப் பெயரில் கடையில் ஒன்றுமே இல்லை.

எதை வாங்குவது? மற்றது, மாமா ஒருவர், “இவ்வளவு காலம் மாற்றாததை இப்போது மாற்றினால் கியர் பெட்டி படுத்துவிடும், கைவைக்காதே” என்கிறார். அதில் உண்மை இருக்கிறதா?

#2 கிள்ளான் வாஜா (மலேசியா)

மாமா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. இங்கே பழைய புரோட்டான் வீராக்களில் ஆயில் மாற்றிய கையோடு கியர் பாக்ஸ் இறக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

மாற்றுவதென்று முடிவுசெய்தால் மல்டி-வெஹிகிள் ஏடிஎஃப் ஊற்றுங்கள். என் புரோட்டான் வாஜாவுக்கு அதைத்தான் ஊற்றுகிறேன். எஸ்பி-3 என்ற தர ஆயில் கேட்கும் மிட்சுபிஷி பெட்டி. டப்பாவின் பின்னால் எஸ்பி-3 என்றும் இருக்கிறது, டெக்ஸ்ரான் என்றும் இருக்கிறது. அப்புறம் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

#3 ஸ்காபரோ ஸ்பானர் (கனடா)

தம்பி வடமராட்சியான், டி-2 என்பது டெக்ஸ்ரான் 2 தரம். அந்த மூன்றில் டெக்ஸ்ரான் 3-ஐ எடுங்கோ. டபிள்யூஎஸ்ஸைத் திருப்பி அலுமாரியில் வைக்கச் சொல்லுங்கோ.

புதிது, விலை கூட, ஆகவே நல்லது என்ற கணக்கு எஞ்சின் ஒயிலுக்கு ஓரளவு சரிவரும். ஓட்டோ பெட்டிக்குச் சரிவராது. எஞ்சின் ஒயிலுக்கு உராய்வைக் குறைப்பதுதான் வேலை. ஏடிஎஃப்புக்கு இரண்டு வேலை. பற்சில்லுக்கும் பெயரிங்குக்கும் அது வழுக்கவேண்டும். அதே ஒயிலில் ஊறிக்கொண்டிருக்கிற கிளச் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கவும் வேண்டும். எவ்வளவு பிடிப்பது, எந்த வேகத்தில் பிடிப்பது என்பதை ஒயிலில் கலந்திருக்கும் உராய்வு மாற்றிகள்தான் தீர்மானிக்கின்றன. பெட்டியைச் செய்தவன் தட்டின் அளவு, ஒயில் அமுக்கம், ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரு குறிப்பிட்ட ஒயிலை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறான்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் பழைய சண்டை. ஜெனரல் மோட்டர்ஸ் (ஜிஎம்) 1949இல் டைப் ஏ என்று தொடங்கி, 1957இல் அதைத் திருத்தி, 1967இல் டெக்ஸ்ரானுக்கு வந்தது. ஃபோர்ட் டைப் எஃப் என்று தன்பாட்டில் வேறு வழியில் போனது. டைப் எஃப்பில் உராய்வு மாற்றி கிடையாது. தட்டுகளின் வேக வித்தியாசம் குறையக் குறையப் பிடி இறுகி, கடைசியில் ‘டக்’ என்று பூட்டும். டெக்ஸ்ரானில் அந்தக் கடைசி நொடியில் பிடி மெல்லத் தளரும், மாற்றம் மிருதுவாக இருக்கும். டைப் எஃப் பெட்டியில் டெக்ஸ்ரானை ஊற்றினால் கிளச் வேண்டியதை விட அதிக நேரம் வழுக்கிச் சூடாகும். டெக்ஸ்ரான் பெட்டியில் டைப் எஃப் ஊற்றினால் ஒவ்வொரு கியருக்கும் முதுகில் ஒரு குத்து விழும். இரண்டும் சிவப்பு. பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது.

ஆகவே டெக்ஸ்ரான் 3 எல்லாப் பழைய காருக்கும் மருந்து என்றும் நினைக்கவேண்டாம். 1980களின் தொடக்கம் வரை வந்த பல ரொயோட்டா ஓட்டோக்கள் டைப் எஃப் கேட்டவை. பிரிட்டிஷ் கார்களில் வந்த போர்க் வார்னர் 35 பெட்டியும் அந்தக் குடும்பம்தான். கிரைஸ்லர் இன்னொரு தனி ராச்சியம்: ஏடிஎஃப்+3, +4 என்று போகும். இங்கே கிரைஸ்லர் மினிவேன்களின் 4 ஸ்பீட் பெட்டிகளில் டெக்ஸ்ரானை ஊற்றிவிட்டு, எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பூட்டுகிற லாக்-அப் கிளச் பிடிக்கும்போது கார் நடுங்குகிறது என்று வந்து நின்றவர்களுக்குக் கணக்கில்லை.

ஊரில் ஓடுகிற கொரோலாக்களையே பாருங்கோ. 110க்கு டி-2. 121க்கு டைப் ரீ-4. 141 அக்சியோவில் சிவிடி (கியர் படிகளுக்குப் பதில் பட்டியும் கப்பியும் உள்ள பெட்டி) வந்துவிட்டது, அதற்கு அதற்கென்ற சிவிடி ஒயில். மூன்றிலும் முன்னால் ஒட்டியிருப்பது ஒரே சின்னம். டி-யும் ரீ-யும் காதில் ஒன்றாக விழும், கடையில் வாயால் சொல்லாமல் டிப்ஸ்டிக்கைப் படம் எடுத்துக் காட்டுங்கோ.

மாமாவுக்குப் பதில் பிறகு எழுதுகிறேன். வேலைக்குப் போகவேண்டும்.

#4 அளவுகோல் (சென்னை)

நான் எண்ணெய் கலக்கும் தொழிலில் இருப்பவன். கம்பெனி பெயர் வேண்டாம், நான் சொல்லப்போவது எல்லா டப்பாவுக்கும் பொருந்தும்.

ஸ்பானர் சொன்னது சரி. ஆனால் டெக்ஸ்ரான் 3 வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தத் தரத்துக்கு ஜிஎம் உரிமம் கொடுப்பது 2006 முடிவோடு நின்றுபோனது. 2005இல் டெக்ஸ்ரான் 6 வந்ததும் பழையதை மூடிவிட்டார்கள். ஃபோர்டின் பழைய மெர்கான் தரத்துக்கும் அடுத்த ஆண்டே அதே கதி. ஆக, இன்று கடையில் இருக்கும் எந்த ‘டெக்ஸ்ரான் 3’ டப்பாவையும் ஜிஎம் சோதித்து ஒப்புதல் தரவில்லை. தயாரிப்பவர் தானாகச் சொல்லிக்கொள்வதுதான். நல்ல கம்பெனி என்றால் பழைய சூத்திரத்தையே ஒழுங்காகக் கலந்து தருவார்கள். பெயர் தெரியாத டப்பா என்றால் உள்ளே சிவப்புச் சாயம் போட்ட ஹைட்ராலிக் ஆயில்கூட இருக்கலாம். சாயம் கசிவைக் கண்டுபிடிக்கத்தான், தரத்துக்கு அது சாட்சி இல்லை.

டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘ஒப்புதல் பெற்றது’ என்பது ஒன்று. ‘தேவைகளைப் பூர்த்தி செய்கிறது’ என்பது இன்னொன்று. ‘பயன்படுத்த ஏற்றது’ என்பது மூன்றாவது, அதில் பொறுப்பு மொத்தமும் உங்கள் தலையில். டெக்ஸ்ரான் 6 உண்மையிலேயே உரிமம் பெற்றதென்றால் ஜே என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும்.

அடுத்தது தடிமன். 100 டிகிரி செல்சியஸில் டெக்ஸ்ரான் 3 ஏறக்குறைய 7 முதல் 7.5 சென்டிஸ்டோக்ஸ். டெக்ஸ்ரான் 6 ஏறக்குறைய 6. டபிள்யூஎஸ் அதற்கும் கீழே. பழையது புதிதில் தடிமனாக இருந்து, ஓட ஓட அதிலுள்ள பாலிமர் அறுபட்டு மெலிந்துவிடும். புதியது மெல்லியதாகத் தொடங்கி அப்படியே நிற்கும் என்பது ஜிஎம் தரப்பு வாதம். பெட்டி புதிதாக இருந்தால் அதை ஏற்றுக்கொள்வேன். 2 லட்சம் கிலோமீட்டர் ஓடி, பம்பும் வால்வுகளும் தேய்ந்து, ரப்பர் சீல் இறுகிப்போன 1996 பெட்டிக்கு, நம் ஊர் வெயிலில், மெல்லிய எண்ணெயில் தொடங்க எனக்குத் துணிச்சல் வராது.

கனடாக்காரர்களுக்குக் கணக்கு வேறு. டெக்ஸ்ரான் 2டி-யிலிருந்து 2இ-க்கும் 3க்கும் போனபோது கிடைத்த பெரிய முன்னேற்றங்களில் ஒன்று, குளிரில் ஓடும் தன்மை. கழித்தல் 40 டிகிரியில் 2டி-க்கு 50,000 சென்டிபாய்ஸ் வரை அனுமதி; 2இ-யில் அது 20,000 ஆகக் குறைந்தது. பருத்தித்துறையில் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது!

இன்னொரு பழைய கதை. 1970களின் தொடக்கம் வரை ஏடிஎஃப்பில் உராய்வு மாற்றியாகச் சேர்த்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தைக் காக்கத் தடை போட்டதும் மாற்றுச் சரக்கு தேடி ஓடினார்கள். அப்படி வந்த டெக்ஸ்ரான் 2சி, குளிர்விப்பானில் உலோகப் பற்றவைப்புகளை அரித்தது. அதைத் திருத்தி வந்ததுதான் 2டி. ஒரு சேர்மானத்தை மாற்றினால் பெட்டியில் என்னென்ன நடக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

#5 கோவை டீசல் (கோயம்புத்தூர்)

அருமைங்க அளவுகோல் சார். நம்ம பக்கத்துக் கடைகளின் நிலவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஏடிஎஃப் கொடுங்க’ என்று மொட்டையாகக் கேட்டால் நீட்டுவது பெரும்பாலும் டைப் ஏ. லாரி, பஸ், டிராக்டர் பவர் ஸ்டீயரிங்குக்குப் போகிற சரக்கு. சர்வோ டிரான்ஸ்ஃப்ளூயிட் ஏ அந்த வகை. அதன் வேலைக்கு அது நல்ல எண்ணெய். ஆனால் அந்தத் தரம் 1950களின் ஜிஎம் தரம். லாக்-அப் கிளச் உள்ள பெட்டியில் அதை ஊற்றக் கூடாது. கராஜ் மூலையில் இருந்த பீப்பாயும் அதுவாகத்தான் இருக்கும் என்று என் ஊகம்.

என்னிடம் இருப்பது டபிள்யூ124 மெர்சிடிஸ் 250டி, 722.4 பெட்டி. டெக்ஸ்ரான் 2, 3 வகை எண்ணெய் கேட்கிற தலைமுறை. பென்ஸ் தன் ஏட்டில் 236.1, 236.6 என்று எண் போட்டு வைத்திருக்கும். 1996க்குப் பிறகு வந்த 5 ஸ்பீட் 722.6 என்றால் அது 236.10, பிறகு 236.12, 236.14 என்று போகும் வேறு வர்க்கம். பழையவன் எண்ணெயைப் புதியவனுக்கு ஊற்றினால் லாக்-அப் கிளச் போச்சு.

124 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரம் உண்டு: எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலேயே வடிகால் போல்ட். பெல் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் சந்து வழியாக, கிராங்க்கை ஸ்பானரால் மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் அந்த அலென் போல்ட் கண்ணுக்குத் தெரியும். அதையும் கழற்றினால் பழைய எண்ணெயில் பெரும்பகுதி ஒரே தடவையில் இறங்கிவிடும்.

ஆயில் லெவல் குறைந்துகொண்டே போகிறது, தரையில் ஒரு சொட்டு கசிவும் இல்லை என்றால் வேக்குவம் மாடுலேட்டரை (எஞ்சின் சுமையைப் பெட்டிக்குச் சொல்லும் பாகம்) பாருங்கள். உள்ளே டயாஃப்ரம் கிழிந்தால் அதோடு இணைந்த வேக்குவம் ஹோஸ் வழியாகவே ஏடிஎஃப்பை உறிஞ்சி எஞ்சினில் எரித்துவிடும். பின்னால் வெள்ளைப் புகை வரும். ஹோஸைக் கழற்றி உள்ளே சிவப்பு ஈரம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இதைத் தெரியாமல் எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு.

#6 சிட்டி பழசு (சென்னை)

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். 2005 ஹோண்டா சிட்டி, சிவிடி. கிளம்பும்போது முதல் பத்தடி தூரம் உதறல். மேலே சொன்ன மல்டி-வெஹிகிள் எண்ணெயை இதற்கும் ஊற்றலாமா? டெக்ஸ்ரான் 3 கைவசம் ஒரு டப்பா இருக்கிறது.

#7 ஸ்காபரோ ஸ்பானர்

இரண்டும் வேண்டாம். உங்கள் காருக்கு ஹோண்டாவின் எச்எம்எம்எஃப் மட்டும். அது கியர் மாற்றும் பெட்டி இல்லை. உள்ளே உலோகப் பட்டி கப்பிகளுக்கு நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. ஏடிஎஃப் ஊற்றினால் பட்டி வழுக்கிக் கப்பியைச் சுரண்டிவிடும், பிறகு திருத்தவே முடியாது. அந்த உதறல் ஸ்டார்ட் கிளச்சில் இருந்து வருவது. சரியான ஒயில் மாற்றி, கணினிக்கு அந்தக் கிளச்சைத் திரும்பக் கற்றுக்கொடுக்கும் கலிபிரேஷனைச் செய்தால் பல கார்களில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் கிளச் தேய்ந்துவிட்டது.

ஹோண்டாவின் சாதாரண ஓட்டோவும் வேறு மாதிரி. மற்றவர்களைப்போல் கிரகப் பற்சில்லு கிடையாது, சமாந்தரத் தண்டுகள். அதற்குத் தனி ஒயில்: இசட்1, இப்போது டிடபிள்யூ-1.

#8 கிள்ளான் வாஜா

எல்லாம் சரி, நீங்கள் எல்லோரும் மல்டி-வெஹிகிள் எண்ணெயை ஏதோ விஷம் மாதிரி பேசுகிறீர்கள். என் வாஜா அதில்தான் வருடக்கணக்காக ஓடுகிறது. நடுக்கம் இல்லை, வழுக்கல் இல்லை. மலைப்பாதையில் கேமரன் வரை ஏறி இறங்குகிறது. பெரிய கம்பெனிகள் சோதிக்காமலா எழுதுவார்கள்?

#9 அளவுகோல்

விஷம் என்று யாரும் சொல்லவில்லை அண்ணே. நானே அந்த வகை கலந்திருக்கிறேன். அது எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். பத்துப் பதினைந்து தரங்களின் உராய்வு வரைகோடுகளை எடுத்து, எல்லாவற்றுக்கும் ஓரளவு ஒத்துப்போகிற ஒரு நடுக்கோட்டைப் போடுவோம். உங்கள் எஸ்பி-3 அந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் ஓடுகிறது. ஹூண்டாய்க்காரர்களும் அதே எஸ்பி-3 கேட்பவர்கள்தான், அவர்களுக்கும் ஓடும். நடுக்கோட்டிலிருந்து தள்ளி இருக்கும் டைப் எஃப்புக்கு ஓடாது.

இன்னொன்று, இன்றைய மல்டி-வெஹிகிள் எண்ணெய்களில் பல, டெக்ஸ்ரான் 6, டபிள்யூஎஸ் இரண்டையும் தொடவேண்டும் என்பதற்காக 6 சென்டிஸ்டோக்ஸுக்குப் பக்கத்தில் கலக்கப்படுகின்றன. டப்பாவில் டெக்ஸ்ரான் 3 என்றும் எழுதியிருக்கும், ஆனால் தடிமன் டெக்ஸ்ரான் 3 உடையது இல்லை. கம்பெனியின் தரவுத்தாளை இறக்கி 100 டிகிரி எண்ணைப் பாருங்கள். 7க்கு மேல் இருந்தால் பழைய பெட்டிக்கு நான் யோசிக்காமல் ஊற்றுவேன். 6 என்றால், சரியான எண்ணெய் கிடைக்காத ஊரில் மட்டும்.

#10 கிள்ளான் வாஜா

தரவுத்தாளைப் பார்த்தேன். 5.9. எனக்கு எஸ்பி-3 இங்கே எளிதாகவே கிடைக்கிறது, ஆனாலும் ஓடுகிற குதிரையை மாற்றப்போவதில்லை. நம் இருவருக்கும் இதில் ஒத்துவராது போலிருக்கிறது, விடுங்கள்.

#11 ஸ்காபரோ ஸ்பானர்

மாமாவின் விஷயத்துக்கு வருகிறேன். ஒயில் மாற்றினதும் பெட்டி படுக்கிற கதை பொய் இல்லை. ஆனால் பழி போகவேண்டிய இடம் வேறு. பத்தில் எட்டுப் பேர் பெட்டி வழுக்கத் தொடங்கின பிறகுதான் ஒயிலை நினைக்கிறார்கள். தட்டின் உராய்வுப் படலம் ஏற்கெனவே உதிர்ந்து ஒயிலில் கலந்துபோயிருக்கும். அந்தக் கலங்கல் ஒயில்தான் கடைசி மாதங்களில் கொஞ்சம் பிடி கொடுத்துக்கொண்டிருந்தது. புதுசை ஊற்றினதும் அந்த முட்டும் போய்விடுகிறது. அது எப்படியும் சாகவிருந்த பெட்டி.

இரண்டாவது காரணம் ஃப்ளஷ் மெஷின். பழைய பெட்டியில் அமுக்கத்தோடு ஒயிலைத் தள்ளினால் மூலை முடுக்கில் படிந்திருந்த அழுக்கெல்லாம் கிளம்பி வால்வு பொடியின் (ஒயிலைப் பிரித்து அனுப்புகிற பகுதி) மெல்லிய வழிகளில் போய் அடைக்கும். உங்கள் காருக்கு யார் என்ன சொன்னாலும் மெஷின் வேண்டாம்.

உங்கள் ஒயில் மண்ணிறம், எரிந்த மணம் இல்லை, கார் வழுக்கவில்லை. மாற்றலாம். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கோ. வடிகால் போல்ட்டைக் கழற்றினால் ஏறக்குறைய 3 லீற்றர்தான் வரும். மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் நிற்கும். மொத்தம் ஏழரை லீற்றர் என்று வைத்தால் முதல் தடவையில் புதுசு 40 சதவீதம், இரண்டாம் தடவையில் 64, மூன்றாவதில் 78. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடவிடுங்கோ.

முதல் தடவையில் பெட்டியின் அடியில் இருக்கிற பான் என்ற ஒயில் தட்டைக் கழற்றுங்கோ. உள்ளே காந்தங்கள் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை ஒட்டியிருந்தால் அது வயதுக்கு உரியது. மினுங்கும் துகள், ஊசி மாதிரி இரும்பு, கறுப்புத் தகடு எது வந்தாலும் படம் போடுங்கோ, மூடுவதற்கு முன். ஃபில்டர் கம்பி வலை, பெட்ரோலில் கழுவி ஊதினால் போதும். பான் போல்ட்டுகளைச் சில்லு நட் மாதிரி முறுக்கவேண்டாம். சின்ன ராச்செட்டில் இரண்டு விரலால் வருகிற இறுக்கம்தான். கூட இறுக்கினால் பானின் விளிம்பு வளைந்து காலத்துக்கும் கசியும்.

இன்னொன்று, இதை வாசிக்கிற வேறு யாரிடமாவது 3 ஸ்பீட் ஏ131 பெட்டி உள்ள கொரோலா இருந்தால்: அதில் டிஃபரன்ஷலுக்குத் தனி அறை. பான் ஒயில் அங்கே போகாது. தனியாக வடித்துத் தனியாக ஊற்றவேண்டும்.

#12 கோவை டீசல்

லெவல் பார்ப்பதையும் சொல்லிவிடுங்க சார். பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

#13 ஸ்காபரோ ஸ்பானர்

சரி. ரொயோட்டாவுக்கு: இருபது நிமிடமாவது ஓடி ஒயில் சூடாக வேண்டும், 70 முதல் 80 டிகிரி. சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு பி-யிலிருந்து எல் வரைக்கும் ஒவ்வொன்றாகப் போட்டுத் திரும்ப பி-க்கு வாங்கோ. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்துச் செருகி மீண்டும் இழுங்கோ. ஹொட் என்ற இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்கவேண்டும். மிட்சுபிஷியில் இதையே என்-இல் வைத்துப் பார்க்கவேண்டும். ஹோண்டாவில் எஞ்சினை நிற்பாட்டின உடனே.

கூட ஊற்றுவதும் குறைவு அளவுக்குக் கெடுதல். சுழல்கிற பகுதிகள் ஒயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரை ஒயிலில் அமுக்கம் நிற்காது.

#14 அளவுகோல்

டிப்ஸ்டிக்கில் இன்னொன்றையும் பாருங்கள். எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் வந்தால் எந்த ஏடிஎஃப் என்ற பேச்சையே நிறுத்திவிட்டு ரேடியேட்டரைக் கழற்றுங்கள். ஏடிஎஃப் கூலர் ரேடியேட்டரின் கீழ்த்தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அது துருவேறி ஓட்டை விழுந்தால் கூலன்ட் பெட்டிக்குள் வரும். கிளச் தட்டுகளின் மேலிருப்பது காகித வகைப் படலம், பசையில் ஒட்டியது. தண்ணீரும் கூலன்டில் இருக்கும் கிளைகோலும் பட்டால் உரிந்து வந்துவிடும். பழைய ரேடியேட்டர் உள்ள எந்த ஓட்டோவிலும் இது வரலாம்.

#15 புதுவரவு (மதுரை)

என் காரில் கிளச் பெடல் கிடையாது, ஏஜிஎஸ் என்று பின்னால் எழுதியிருக்கிறது. எனக்கும் டெக்ஸ்ரான் 3 போதுமா?

#16 மட்டுறுத்துநர்

உங்களுடையது ஏஎம்டி நண்பரே. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ். கிளச்சையும் கியரையும் ஒரு இயந்திரக் கை மாற்றுகிறது. அதற்கு ஏடிஎஃப் இல்லை, கையேட்டில் சொன்ன கியர் ஆயில். அந்த இயந்திரக் கைக்குத் தனியாக ஹைட்ராலிக் எண்ணெய் உண்டு. ஏஎம்டி பற்றி வேறு இழை திறந்து கேளுங்கள், இங்கே பழைய டார்க் கன்வெர்ட்டர் பெட்டிகளோடு நிற்போம்.

#17 வடமராட்சியான்

எல்லோருக்கும் நன்றி. முதல் மாற்றம் முடிந்தது. தெரிந்த கம்பெனியின் டெக்ஸ்ரான் 3 போத்தல்கள் வாங்கினேன், தரவுத்தாளில் 7.3 என்றிருந்தது. கராஜில் பீப்பாயைத் திறக்கவே விடவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன். வடிந்தது 3 லீற்றருக்குக் கொஞ்சம் கூட. காந்தங்களில் சாம்பல் பசை மட்டும். துகள் எதுவும் இல்லை. பான் கஸ்கெட்டைச் சுரண்டி எடுக்கத்தான் பாதி நேரம் போனது. முந்தி யாரோ சிலிக்கனை அள்ளி அப்பியிருக்கிறார்கள்.

காலையில் ஆர் பிந்துவது பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுவதில் ஒரு மாற்றமும் இல்லை. அதே கத்தல், அதே உதை. ஒயில் போதவில்லையா, இல்லை இரண்டாம் தடவை மாற்றினால் சரிவருமா?

#18 ஸ்காபரோ ஸ்பானர்

அதற்கு ஒயில் காரணமில்லை. ஆர் பிந்துவது இறுகின சீல், அதில் ஒயில் உதவும். எல்லாம் பிந்திப் பிந்தி, பலமாக மாறுவது என்றால் பெட்டி எஞ்சின் முழு மிதியில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அமுக்கத்தைக் கூட்டுகிறது. அதற்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோவது திரொட்டில் கேபிள். எஞ்சின் பக்கத்தில் திரொட்டில் பொடியிலிருந்து (எஞ்சினுக்குள் போகிற காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) பெட்டிக்குப் போகிற இரண்டாவது வயர்.

ஒருவரை உள்ளே இருத்தி அக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லுங்கோ, எஞ்சின் நிற்கும்போது. கேபிளின் நுனியில் ரப்பர் மூடி இருக்கும், அதைப் பின்னுக்குத் தள்ளினால் உள்வயரில் நசுக்கிவிட்ட ஒரு சின்ன உலோகக் குண்டு தெரியும். முழு மிதியில் அந்தக் குண்டுக்கும் வெளியுறையின் வாய்க்கும் இடையில் 0 முதல் 1 மில்லிமீற்றர்தான் இருக்கலாம். அளந்து சொல்லுங்கோ.

#19 வடமராட்சியான்

அண்ணை, 6 மில்லிமீற்றர் வெளியே நிற்கிறது! முன்பு எஞ்சின் வேலை செய்தவர்கள் கழற்றிப் பூட்டும்போது இழுத்து இறுக்கியிருக்க வேண்டும். இரண்டு 12ஆம் நம்பர் நட்டைத் தளர்த்தி ஒன்றுக்குள் கொண்டுவந்து பூட்டினேன். பருத்தித்துறையிலிருந்து நெல்லியடி வரை ஓடிப் பார்த்தேன். இரண்டும் மூன்றும் எப்போது மாறுகிறது என்று கேட்டுக் கவனித்தால்தான் தெரிகிறது.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடின பிறகு இரண்டாம் தடவை ஒயிலை மாற்றுவேன். அதே போத்தல்தான், இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.

#20 கிள்ளான் வாஜா

வாழ்த்துகள். அந்தக் கேபிள் வீராவிலும் இருக்கிறதா என்று யாருக்காவது தெரியுமா? நண்பர் ஒருவரின் கார் இதே மாதிரி கத்துகிறது, அவரிடம் கியர் பாக்ஸை இறக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

#21 ஸ்காபரோ ஸ்பானர்

எந்த வருடம், எந்த எஞ்சின், 3 ஸ்பீடா 4 ஸ்பீடா? அதைக் கேட்டு எழுதுங்கோ. அதுவரைக்கும் இறக்கவேண்டாம் என்று சொல்லிவையுங்கோ.